ஏழு நாள் பட்டா

எங்கள் சொந்தபந்தத்தில் சொத்து என்றால் நான்குதான்: மனை, வீடு, நகை, ஆண்பிள்ளை. 2018இல் நான் வாங்கியது இந்த நான்கிலும் அடங்கவில்லை. ஆண்டுக்கு ஏழு நாள், மலையிலோ கடலோரத்திலோ இருக்கும் ஒரு விடுதியில் தங்கிக்கொள்ளும் உரிமை, 25 ஆண்டுகளுக்கு. விற்பவர்கள் அதை டைம்ஷேர் என்கிறார்கள். பாடம் நடத்துகிற பழக்கத்தில் ‘பொழுதுப் பங்கு’ என்று தமிழாக்கிப் பார்த்தேன். பங்காளித் தகராறு மாதிரி ஒலித்தது. தகராறும் அப்படியே வந்தது.

இந்த வியாபாரம் 1960களில் பிரான்சின் ஆல்ப்ஸ் மலைப் பகுதியில் தொடங்கியது. பனிச்சறுக்கு விடுதியில் முழு வீடு வாங்க வசதியில்லாதவர்கள் அதை வாரக்கணக்கில் பிரித்து வாங்கிக்கொண்டார்கள். 1974இல் அமெரிக்காவில் ஆர்.சி.ஐ. என்ற நிறுவனம் வந்தபின், ஓர் ஊரில் வாங்கிய வாரத்தை வேறோர் ஊர் வாரத்தோடு மாற்றிக்கொள்ளவும் வழி பிறந்தது. தமிழ்நாட்டுக்கும் இது பழைய சரக்குதான். ஸ்டெர்லிங் 1986இல் சென்னையில் தொடங்கப்பட்டது. பத்தாண்டு கழித்து, 1996இல், கிளப் மஹிந்திரா வந்தது. பின்னால் ஊர் பேர் அதிகம் தெரியாத சிறிய நிறுவனங்களும் பல முளைத்தன. நான் சேர்ந்தது அப்படியொன்றில்.

சேரும்போது ஒரு பெருந்தொகை. அதன்பின் ஆண்டுதோறும் பராமரிப்புக் கட்டணம். போனாலும் போகாவிட்டாலும் கட்ட வேண்டும், அது ஏறிக்கொண்டேயும் இருக்கும். ஆண்டைக் காலங்களாகப் பிரித்து நிறம் கொடுப்பார்கள். சிவப்பு என்றால் கூட்டம் அலைமோதும் காலம், வெள்ளை நடுத்தரம், நீலம் ஆள் வராத காலம். கேட்கிற தேதியில் கேட்கிற ஊர் கிடைக்க மாதக்கணக்கில் முன்பே பதிய வேண்டும். திரும்ப விற்கப் போனால் போட்டதில் சிறு பங்குகூடத் தேறுவது கடினம். இத்தனையும் தெரிந்துதான் கையெழுத்துப் போட்டேன். கல்லூரிச் சம்பள நிலுவை மொத்தமாக வந்திருந்தது. அதில் ஒரு பகுதி, மீதி மாதத் தவணை.

விற்பனைக் கூட்டத்துக்கு அழைத்த பெண் தொலைபேசியில், “சாரையும் கூட்டிட்டு வாங்க மேடம், ஜோடியா வந்தாத்தான் பரிசு” என்றாள். சாருக்கு அன்று இரண்டாம் ஷிப்ட். நான் சம்பளச் சீட்டோடு தனியாகப் போனேன். மேசைக்கு எதிரே இருந்த பையன் மூன்று முறை, “சார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறீங்களா?” என்றான். படிவத்தில் முதல் உறுப்பினர் என்ற இடத்தில் என் கணவர் பெயரை எழுதினான். புதுப் படிவம் கேட்டு வாங்கி என் பெயரை நானே எழுதினேன்.

செய்தி கவரைப்பேட்டையிலிருந்து ஆரம்பாக்கம் வரை இருக்கிற எங்கள் உறவு முழுக்க ஒரே வாரத்தில் பரவியது. கணவரின் அண்ணன்தான் முதலில் வந்தார். “ஏம்மா, அந்தப் பணத்தை முன்பணமா குடுத்திருந்தா ஆரம்பாக்கம் பக்கம் அரை கிரவுண்டு வளைச்சிருக்கலாம். படிச்சவங்க இப்பிடியா ஏமாறுவாங்க?” மாமியார் பக்கத்து வீட்டில் சொன்னது காற்றில் வந்தது: “மலை மேல ஏழு நாளுக்கு வாடகை வீடு வாங்கியிருக்காளாம்.” என் அம்மா, “பொண்ணுக்கு ரெண்டு வளையலாவது எடுத்திருக்கலாமே” என்றாள். எனக்குக் கிடைத்தது வெள்ளைக் காலம் என்று தெரிந்ததும் பெரியம்மா பதறிப்போனார். “சுமங்கலிப் பொண்ணுக்கு வேற நிறமே கிடைக்கலையா?”

கணக்குப் போட்டுப் பார்த்தால் அவர்கள் சொன்னதில் தப்பில்லை. மனை விலை ஏறும், என் ஏழு நாள் ஏறாது. ஆனால் இதே உறவில் யாரும் கணக்குக் கேட்காத செலவுகள் இருந்தன. அதே அண்ணன் வாங்கிய கார், ஷோரூம் வாசலைத் தாண்டியதுமே விலை இறங்கியது. ஒவ்வொரு நகைச் சீட்டிலும் செய்கூலி, சேதாரம் என்று போவதை யாரும் நஷ்டம் என்று சொன்னதில்லை. மஞ்சள் நீராட்டு விழாவுக்கு மண்டபம் பிடித்து, ஆளுயரப் பதாகை வைத்து, ஒரே நாளில் என் நுழைவுக் கட்டணத்தில் பாதியைச் செலவழித்த வீட்டில் ‘அந்தப் பணத்துக்கு மனை வந்திருக்குமே’ என்று எவரும் சொல்லவில்லை. பெண்ணுக்காகச் செலவு செய்வதில் குடும்பத்துக்குத் தடையில்லை. பெண் தனக்கென்று, அதுவும் நேரத்தை வாங்கும்போதுதான் எல்லோருக்கும் வட்டிக் கணக்கு ஞாபகம் வருகிறது.

எங்கள் பக்கத்தில் சிறுவாபுரி முருகனுக்குச் செவ்வாய்க்கிழமைதோறும் கூட்டம் தாங்காது. ஆறு செவ்வாய் விடாமல் போனால் சொந்த வீடு அமையும் என்பது நம்பிக்கை. வரிசையில் பாதிக்கு மேல் பெண்கள். கைக்குழந்தையோடும், வேலைக்கு அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டும் வந்து நிற்பார்கள். அவர்கள் கேட்கும் வீடு அமைந்தால் பட்டா பெரும்பாலும் யார் பெயரில் இருக்கும் என்பது முருகனுக்கும் தெரியும். எனக்கு அந்த வரிசையில் நிற்கும் பெண்களிடம் எந்தக் கேலியும் இல்லை. வீடு வேண்டும்தான். அந்த வீட்டுக்குள் போனபின் அவர்களுடைய பொழுது யாருடையது என்பதுதான் என் கேள்வி.

வகுப்பில் அகத்திணை தொடங்கும்போது முதற்பொருள் என்ன என்று கேட்பேன். நிலமும் பொழுதும் என்று மாணவிகள் ஒரே குரலில் சொல்வார்கள். தொல்காப்பியர் இரண்டையும் சேர்த்தே வைத்தார். மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி என்றால், கூதிரும் முன்பனியும் அதன் பெரும்பொழுது, நள்ளிரவு அதன் சிறுபொழுது. காலத்தைப் பகுத்து நிலத்தோடு பொருத்துவது நமக்கு அவ்வளவு பழைய வேலை. அதே பொருளதிகாரம், கடல் கடந்து போகும்போது பெண்ணை உடன் கொண்டுபோகும் வழக்கம் இல்லை என்றும் சொல்கிறது. பொருள் தேடிப் பிரிவது ஆணுக்கு. இருந்து காத்திருப்பது பெண்ணுக்கு. உரையாசிரியர்களை வைத்து இதை வருடக்கணக்கில் பாடம் நடத்தியிருக்கிறேன். ஏழு நாள் வாங்கியபின்தான், நிலத்தையும் பொழுதையும் நம் வீட்டுப் பெண்களுக்கு எவ்வளவு கொடுத்திருக்கிறோம் என்று என் உறவுக்குள்ளேயே எண்ணிப் பார்த்தேன்.

பொழுதுக்குக் கணக்கு இருக்கிறது. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நாடு முழுதும் எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வில், கூலியில்லா வீட்டு வேலை செய்யும் பெண் அதற்குச் செலவிட்ட நேரம் நாளுக்குச் சராசரி 299 நிமிடம். செய்யும் ஆணுக்கு 97. 2024இல் மறுபடி எடுத்தபோது 289, 88. ஐந்தாண்டில் பெண்ணுக்குப் பத்து நிமிடம் குறைந்தது. ஆணுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்தது, ஆகவே அவர் எடுத்துக்கொண்டு குறைந்ததல்ல அது. 289ஐ 365ஆல் பெருக்கினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,758 மணி நேரம். எட்டு மணி நேர ஷிப்டாகப் பிரித்தால் 220 ஷிப்ட். என் கணவர் சிப்காட்டில் உருட்டாலை வேலையில் இருக்கிறார். அவருடைய விடுப்புக்கு அடிப்படையாக இருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், ஆண்டில் 240 நாள் வேலை பார்த்த தொழிலாளிக்கு 20 நாளுக்கு ஒரு நாள் வீதம் சம்பளத்தோடு விடுப்பு என்று வகுத்தது. அந்த 240ஐ விட்டு, வீதத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் அடுப்படிக்கு 11 நாள் விடுப்பு வர வேண்டும். நான் ஏழுதான் எடுத்துக்கொண்டேன், அதையும் காசு கொடுத்து.

முதல் ஆண்டு அந்த ஏழும் எனக்குக் கிடைக்கவில்லை. உறவு இரண்டு விதமாக நடந்துகொள்ளும்: முதலில் திட்டும், பிறகு பங்கு கேட்கும். “எப்பிடியும் பணம் போயிடுச்சு, எல்லாரும் போயிட்டு வந்துடலாம்” என்று மாமியார் முடிவு செய்தார். இரண்டு அறை, ஒன்பது பேர். விடுதி அறையிலேயே சிறு சமையலறை உண்டு என்று நான் சொல்லியிருந்தேன். மிக்ஸி, குக்கர், பத்துக் கிலோ அரிசி, தூக்குவாளியில் தோசை மாவு, ஊறுகாய் ஜாடி என்று வண்டியில் ஏறியது. மாவு மலைப்பாதை வளைவுகளில் பொங்கி வழிந்தது. ஆண்கள் சீட்டாடினார்கள். குழந்தைகள் ஊஞ்சலுக்குச் சண்டை போட்டன. நாங்கள் மூன்று பெண்கள் ஜன்னல் வழியே தெரிந்த தைல மரங்களைப் பார்த்தபடி ஏழு நாளும் வடித்தோம், அரைத்தோம், கழுவினோம். ஊருக்குத் திரும்பியதும் மச்சாண்டார் சொன்னார், “நல்ல ரெஸ்ட்டும்மா.”

மறு ஆண்டு நான் மூன்று விதி வைத்தேன். அங்கே சமைக்கக் கூடாது. யார் வந்தாலும் அந்த ஆண்டுப் பராமரிப்புக் கட்டணத்தில் அவரவர் பங்கைக் கொடுக்க வேண்டும். ஏழில் மூன்று நாள் நான் தனியாக இருப்பேன். இரண்டாம் விதியில் பாதி உறவு கழன்றுகொண்டது. முதல் விதி மாமியாரை வெகுநாள் வருத்தியது. “ஒரு தோசைக்கு 140 ரூபாயா, அடுக்குமா?” என்பார். “அந்த 140இல் உங்க இடுப்பு வலிக்கும் காசு சேர்ந்திருக்கு அத்தை” என்று சொன்னேன். பதில் சொல்லாமல் சாப்பிட்டார்.

மூன்றாம் விதிதான் பெரிய கலவரம். பெண் தனியாக வெளியூர் போக எங்கள் பக்கம் காரணங்கள் உண்டு: அமாவாசைக்குத் திருவள்ளூர் வீரராகவர், ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி, தாய்வீடு, பேறுகாலம், சாவு. சும்மா இருக்கப் போகிறேன் என்பது காரணமாகாது. “புருஷனோட ஏதாவது மனஸ்தாபமா?” என்று சித்தி தொலைபேசியில் கிசுகிசுத்தார். கவிதை எழுதப் போகிறேன் என்று சொல்லச் சொன்னாள் என் தோழி. அப்படிச் சொன்னால் விட்டுவிடுவார்களாம். நான் அதைச் சொல்லவில்லை. எழுதினால்தான் போகலாம் என்றால் அதுவும் இன்னொரு வேலை. சும்மா இருக்கத்தான் போகிறேன் என்றே சொன்னேன். கணவர் எல்லோரிடமும், “அவ பணம், அவ லீவு” என்றார். அதற்காக அவரைக் கேலி செய்தார்கள், தாங்கிக்கொண்டார். என்னிடம் மட்டும், “எத்தனை நாளைக்குக் குழம்பு வெச்சுட்டுப் போவ?” என்று கேட்டார். “வெக்கல” என்றேன். அந்த மூன்று நாளில் அவரும் பிள்ளைகளும் ரசம் வைக்கக் கற்றுக்கொண்டார்கள்.

இத்தனை பேரிலும் கடுமையாகப் பேசியவர் என் கணவரின் அக்கா. அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். சிப்காட் போகிற வழியில் இட்லிக் கடை வைத்திருக்கிறார். ஆறு மணி ஷிப்டுக்குப் போகிறவர்களுக்காக மூன்று மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டுவார். வடக்கத்திப் பையன்களுக்காகச் சப்பாத்தியும் போடுகிறார். “நிலம்னா நிலம்தான். ஒரு அவசரம்னா வித்துக்கலாம். நாளை வித்துக்க முடியுமா?” என்று என் முகத்துக்கு நேரே கேட்டார்.

நிலத்தைப் பற்றி அண்ணி பேசும்போது எனக்குத் தொண்டையில் ஏதோ அடைக்கும். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு பெண்களுக்குச் சமமான சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. எங்கள் ஊர்களும் அப்போது அந்த மாவட்டம்தான். திருவள்ளூர் தனி மாவட்டமானது 1997இல். தீர்மானம் சட்டமாக 60 ஆண்டு பிடித்தது. 1989இல் தமிழ்நாடு கொண்டுவந்த இந்து வாரிசுரிமைத் திருத்தம் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பங்கு தந்தது. ஆனால் அதற்கு முன்பே மணமான மகள்களை அது சேர்க்கவில்லை. அண்ணிக்கு 1987இல் கல்யாணம். 1998இல் பாகப்பிரிவினை நடந்தபோது மாமனார் தன் பங்கையும் மகன்களுக்கே எழுதினார். 2005இல் மத்தியச் சட்டம் எல்லா மகள்களையும் சேர்த்துக்கொண்டது. 2004 டிசம்பருக்கு முன் பதிவான பாகப்பிரிவினைகளைத் தொடவில்லை. பத்திரம் பதிந்த அன்று, பதிவு அலுவலகம் போய் வந்தவர்களுக்கு அண்ணிதான் சமைத்துப் போட்டாராம். நான் அந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பு நடந்தது. நாங்கள் இன்று குடியிருக்கும் வீடு அந்த நிலத்தில் கட்டியது.

2022இல் ஒரு நாள், கடை மூடும் நேரத்தில் அண்ணி கேட்டார்: “அங்க காலைல யாராவது எழுப்புவாங்களா?” இல்லை என்றேன். “அப்ப நானும் வரேன்.”

இருவரும் போனோம். முதல் நாள் விடியற்காலை மூன்று மணிக்குத் தூக்கிவாரிப்போட்டு எழுந்து உட்கார்ந்தார். மாவு கரைக்க வேண்டும் என்று கை தேடியது. ஊரை ஞாபகப்படுத்தினேன். படுத்தவர் மதியம் பன்னிரண்டுக்குத்தான் எழுந்தார். இரண்டாம் நாளும் அப்படியே. ஏரி, பூங்கா, பாறை எதையும் பார்க்க வரவில்லை. மூன்றாம் நாள் வெளித் திண்ணையில் தேநீரோடு உட்கார்ந்து, “35 வருஷத்துல வெளிச்சம் வந்த அப்பறம் எழுந்தது பிரசவத்துக்கு மட்டுந்தான்” என்றார்.

இரண்டாண்டு கழித்து அவர் மகனுக்குக் கல்யாணம். தேனிலவுக்கு அத்தையின் ஏழு நாளைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று அவன் பெண் வீட்டில் ஏற்கெனவே சொல்லியிருந்தான். கேட்டது எனக்குக் கடைசியில்தான் தெரிந்தது. நல்ல பையன், தூக்கி வளர்த்தவள் நான். ஆனால் அந்த ஆண்டின் நாட்களை அண்ணிக்கென்று பதிவு செய்திருந்தேன், கல்யாண அலைச்சல் முடிந்ததும் அவர் தூங்குவதற்காக. “உனக்கு வேற இடத்துல ரூம் போட்டுத் தரேன்டா, என் மொய்யா வெச்சுக்கோ. இது உங்கம்மாவோடது” என்றேன். “அம்மாவுக்கு எதுக்கு அத்தை?” என்றான். உண்மையிலேயே புரியாமல் கேட்டான். மொத்த உறவும் அவன் பக்கம். புது மாப்பிள்ளையின் ஆசையைக் கெடுத்தேன், ஆத்தாளையும் பிள்ளையையும் பிரித்தேன் என்று பேசினார்கள். அண்ணியின் கணவர், “கடையை யாரு பாக்கறது?” என்று மட்டும் கேட்டார்.

அண்ணி ஒரு வாரம் ஒன்றும் பேசவில்லை. எட்டாம் நாள் கடை வாசலில் சிலேட்டுப் பலகை தொங்கியது: ‘நான்கு நாள் கடை விடுமுறை.’ அவர் கையெழுத்தை நான் அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன். அந்த முறை தனியாகவே போனார். நான் ரயிலேற்றிவிட்டேன். மகன் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. அவன் மனைவி எப்போதாவது கூப்பிட்டு, “நல்லாருக்கீங்களா அத்தை?” என்கிறாள். அந்த விடுதியில் எத்தனை நாள் தங்கலாம், யார் பெயரில் இருக்கிறது என்றும் ஒரு முறை விசாரித்தாள்.

டைம்ஷேர் வாங்குங்கள் என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். கணக்கை மேலேயே எழுதிவிட்டேன், கட்டுப்படியாகாது. பெண்ணின் நேரம் குடும்பத்தின் பொதுச் சொத்தாகவே இருந்து வந்திருக்கிறது. அதில் ஒரு துண்டை வேலி போட்டு, ரசீதோடு, தன் பெயரில் வைத்துக்கொண்டால் என்ன நடக்கும் என்பதைத்தான் எழுதினேன். வேலிக்கு விடுதி தேவையில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போதும். ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்கு ரசீது கிடையாது. ‘வீட்லதான இருக்க’ என்று யாராவது வந்துவிடுவார்கள்.

திரும்பி வந்த அன்று அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒரு பொட்டலம் மலைப்பூண்டு கொடுத்தார். தண்ணீர் குடித்துவிட்டு வீட்டைச் சுற்றிப் பார்த்தார், புதிதாகப் பார்ப்பவர் மாதிரி. “நல்லாத் தூங்கினேன்” என்றார். பிறகு குரலை உயர்த்தாமல் சொன்னார்: “அதுக்காக, நெலத்துக்குப் பதிலா நாளைக் குடுத்துக் கணக்க முடிச்சுட்டோம்னு மட்டும் நெனச்சுக்காதீங்க.”

என் கணவர் அப்போதுதான் ஷிப்ட் முடிந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். அன்று இரவு பீரோவிலிருந்து பாகப்பிரிவினைப் பத்திரத்தை எடுத்து வாசித்தார். சட்டம் இனி எங்களைக் கட்டாயப்படுத்தாது. கொடுப்பதானால் நாங்களாகத்தான் கொடுக்க வேண்டும். அண்ணனிடம் முதலில் பேச வேண்டும் என்கிறார். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் காலி இடத்தை அளக்க நில அளவையருக்குச் சொல்லியிருக்கிறேன்.